கயிறு அவிழ்த்த டோசர்

இன்று காலை தேற்றாத்தீவுக்கு மேற்கே, விவசாயிகள் சங்கத்தின் பழைய டோசரைத் திருத்தப் போயிருந்தேன். அணை உடைந்து வயல்வட்டைக்குள் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. மண் தள்ளி அதை அடைக்க வேண்டிய டோசர் மேட்டில் நின்றது.

"வலப்பக்கம் கிறுகுது. இடப்பக்கம் கிறுகுதில்ல தம்பி," என்றார் ஓட்டுநர். அவருடைய வயலும் அந்த வட்டையில்தான்.

டோசரைத் திருப்புகிற ஸ்டியரிங் கிளச்சைத் திறந்தேன். இடப்பக்கத் தட்டுகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவை விலகினால்தான் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். மழைக்காலத்தில் சும்மா நிற்கும்போது கிளச் லீவரை இழுத்துக் கட்டிவைத்தால் தட்டுகள் விலகி நிற்கும், ஒட்டாது.

"கயித்தால கட்டச் சொன்னநானே அண்ணன்?"

"கட்டித்தான் வெச்சநான். பெயின்ட் அடிச்சுப் படம் எடுக்கக்குள்ள தலைவர் அவிழ்க்கச் சொல்லிட்டார்."

சங்கத் தலைவர் பக்கத்தில்தான் நின்றார். "புது மெசின் மாதிரி நிக்கக்குள்ள பழங்கயிறு தொங்கினா வடிவா இரிக்குமா?" என்றார்.

மாலை போட்ட அந்த மஞ்சள் டோசரின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் லைக் போட்டிருந்தேன்.

தட்டுகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துரு உரசிப் பூட்டி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. டோசர் இரண்டு பக்கமும் நன்றாகக் கிறுகியது. கதிர் தள்ளவிருந்த பயிர் அதற்குள் தண்ணீருக்கடியில் போய்விட்டது. இனி அடைத்து என்ன என்று ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்தினார். லீவரை இழுத்துக் கயிற்றால் கட்டினார்.

தலைவர் போனை எடுத்தார்.

"திருத்தியாச்செண்டு ஒரு படம் போடுவம். அந்தக் கயித்த மட்டும் ஒருக்கா அவிழுங்க."

கயிற்றுக்கும் மஞ்சள் பெயின்ட் அடித்தால் விட்டுவைப்பாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.