கேட்டும் உணராதவள்

ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணி துவைத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு மைக் அக்கா என்று பேர். மெஷின் இரைச்சலுக்கு நடுவே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. வீட்டில் அவள் "உப்பை எடு" என்றால் பக்கத்து வீட்டுக்காரி உப்பு டப்பாவோடு வந்து நிற்பாள் என்று புருஷன் கிண்டல் பண்ணுவான். அவன் பஸ் டிரைவர், இரைச்சலுக்குப் பழகினவன். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிக்கிற பொறுப்பும் அந்தத் தொண்டையால்தான் அவளுக்கு வந்து சேர்ந்தது.

புருஷனின் தங்கையும் அதே சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். சொல்லிச் சேர்த்துவிட்டதே மைக் அக்காதான். இரண்டு பேரும் இஸ்திரி ரோலரில் ஜோடி. அது ஆள் உயரத்துக்கு நிற்கிற சூடான உருளை. ஈரப் படுக்கைவிரிப்பை முன்பக்கத்திலிருந்து உள்ளே விடுவது மைக் அக்காவின் வேலை. பின்பக்கம் காய்ந்து வருவதை வாங்கி மடிப்பது நாத்தனாரின் வேலை. சுவிட்ச் இருப்பது முன்பக்கத்தில். அங்கிருந்து பார்த்தால் பின்னால் நிற்பவள் தெரியமாட்டாள், குரல்தான் வரும். பின்பக்கம் யாரும் கை விட்டுவிடாமல் இருக்க ஒரு கம்பித் தடுப்பு இருந்தது. வேலை வேகமாக ஓடவேண்டும் என்று சூப்பர்வைசர் அதைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். அது அங்கே தூசி படிந்து கிடந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு மதியம் ஒரு விரிப்பு உருளையில் சுற்றிக்கொண்டது. மைக் அக்கா சுவிட்சை அணைத்தாள். பின்னால் நாத்தனார் கையை உள்ளே விட்டுத் துணியை இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உலர்த்தும் மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"போடுங்கண்ணி."

அவள் சுவிட்சைப் போட்டாள்.

நாத்தனார் சொன்னது "போடாதீங்கண்ணி". அடுத்து வந்த அலறல் அதைச் சொல்லிவிட்டது.

வலது கை. எலும்பு நொறுங்கி, தோல் வெந்து, டாக்டர்கள் எப்படியோ விரல்களைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் மூன்று விரல் மடங்கவில்லை.

மேனேஜர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். "அவங்க ஏதாவது குரல் குடுத்தாங்களா?" என்று மைக் அக்காவைக் கேட்டார். சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். "குடுத்திருக்க மாட்டாங்க சார். குடுத்திருந்தா இவங்க போட்டிருப்பாங்களா?" தடுப்புக் கம்பி சமாசாரம் வெளியே வந்துவிடக் கூடாதே என்று அவருக்கு. மேனேஜர் அவள் முகத்தையே பார்த்தார்.

"ஒண்ணும் கேக்கல சார்."

வேலை செய்தவரின் கவனக்குறைவு என்று முடிவானது. புருஷன்தான் போய் அதைத் தங்கையிடம் சொன்னான். வீட்டுக்கு வந்து மனைவிக்கு ஆறுதல் சொன்னான். "நீ என்ன பண்ணுவ பாவம், அவ கவனமா இருந்திருக்கணும்." அந்த ஆறுதலைவிட அவன் நாலு அறை அறைந்திருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாசிக்கவேண்டிய பகுதி மாற்கு எழுதின சுவிசேஷம், நாலாம் அதிகாரம். விதைக்கிறவன் உவமை. சின்ன வயதிலிருந்து தெரிந்த கதைதான் என்று தயார் பண்ணாமலே போய் நின்றாள். விதை விழுந்த வழியோரம், கற்பாறை, முள், நல்ல நிலம் எல்லாம் கணீரென்று வந்தது. அதற்குப் பிறகு ஆண்டவர் தம் சீஷர்களிடம் சொல்கிற இரண்டு வசனம். உள்ளே இருக்கிற உங்களுக்கு ரகசியம் கொடுக்கப்பட்டிருக்கிறது, புறம்பே இருக்கிறவர்களுக்கு எல்லாமே உவமைதான், அவர்கள் கண்டும் காணாமலும் கேட்டும் உணராமலும் இருக்கவேண்டும் என்பதற்காக, அவர்கள் மனம் திரும்பி மன்னிக்கப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக. எத்தனையோ தடவை காதில் விழுந்திருந்த வசனம். கேட்டும் உணராமல் என்ற இடத்தில் அவள் குரல் நின்றுவிட்டது. மைக் ரிப்பேர் என்று நினைத்து ஒருவர் எழுந்துபோய் ஒயரை ஆட்டிப் பார்த்தார். அவள் எப்படியோ மிச்சத்தை வாசித்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து அவளைப் பயம் பிடித்துக்கொண்டது. அது போலீஸ் பயமோ வேலை போய்விடும் என்கிற பயமோ இல்லை. தனக்குக் கதவு உள்ளிருந்து சாத்தப்பட்டுவிட்டது, இனித் தட்டினாலும் திறக்காது என்கிற பயம். ஆண்டவர் வேண்டுமென்றே புரியாதபடி பேசுகிறார், மன்னிக்கவேண்டி வந்துவிடுமோ என்று. அப்படிப்பட்டவரிடம் யார் போய்க் கெஞ்சுவது? வீட்டில் யார் எதைச் சொன்னாலும் இரண்டு தடவை கேட்டாள். "கதவைச் சாத்துன்னா சொன்னீங்க? சாத்தாதேன்னா?" புருஷன் காது டாக்டரிடம் போகலாம் என்றான். அவளோ குழாயில் தண்ணீர் விழுகிற சத்தத்தில்கூட யாரோ கூப்பிடுவதுபோல நின்று நின்று கேட்டாள்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து நேரே சபைக்குப் போனாள். போதகர் பின்கட்டில், கை கழுவுகிற தொட்டிக்கு அடியில் குனிந்து குழாய்க்கு வாஷர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, அன்னிக்கு வாசிச்சேனே. வெளியில இருக்கறவங்களுக்குப் புரியக் கூடாதுன்னே கதையா சொன்னாராமே. புரிஞ்சா திரும்பிடுவாங்க, திரும்பினா மன்னிக்கணும்னு. அப்படியாய்யா?"

போதகர் நிமிர்ந்தார். கையில் ஸ்பேனர். "அந்த ரெண்டு வசனத்தை நான் பிரசங்கம் பண்ணினதே இல்லம்மா. ஒவ்வொரு தடவையும் விதைக்கிறவனோட நிறுத்திட்டு, தாண்டிப் போயிடுவேன்."

"ஏன்யா?"

"பயம்தான்."

படித்தவரே பயப்பட்டால் தன் கதி என்ன?

அவர் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டியின் விளிம்பில் சாய்ந்தார். "அது பழைய தீர்க்கதரிசி ஒருத்தர் வாயில வந்த வார்த்தை. ஜனங்க காதைப் பொத்திக்கிட்டதைப் பாத்து வயித்தெரிச்சல்ல சொன்னதுன்னு சிலர் சொல்றாங்க. பெத்தவ பிள்ளையை, கேக்காதே, எக்கேடும் கெட்டுப்போன்னு திட்டற மாதிரி. கெட்டுப்போகணும்னா சொல்றா? இன்னும் சிலர், அப்படி ஆகணும்னு இல்ல, கடைசில அப்படி ஆயிடுதுன்னு அர்த்தம்ங்கறாங்க. எது சரின்னு எனக்குத் தெரியல. வார்த்தை கடுமையாத்தான் இருக்கு. உனக்காக அதை நான் மழுப்பக் கூடாது."

"வெளியில இருக்கறது யாருய்யா?"

அவர் உள்ளே போய் வேதாகமத்தை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தை நின்றபடியே படித்தார். பிறகு அவரே யோசித்து யோசித்துச் சொன்னார்.

"கூட இருந்தவங்க தனியா வந்து அவரைக் கேட்டாங்கன்னு போட்டிருக்கு பாரு. அவங்களுக்கும் கதை புரியல. அடுத்த வரியிலயே, இதுகூடவா புரியலன்னு திட்டு வாங்கறாங்க. பின்னாடி ஒரு இடத்துல, காதிருந்தும் கேக்கலையான்னு அவங்களைப் பாத்தே கேக்கறார். வெளியில இருக்கறவங்களைச் சொன்ன அதே வார்த்தை."

"அப்போ உள்ள இருக்கறவனும் செவிடுதானா?"

"செவிடுதான். மத்தவங்க கதையைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. இவங்க புரியலன்னு திரும்பி வந்து கேட்டாங்க. எனக்குத் தெரியற வித்தியாசம் அவ்வளவுதான்மா."

"திரும்பி வந்தா திட்டு விழும்."

"விழுந்திருக்கே" என்றார் போதகர். என்ன விஷயம் என்று அவர் கேட்கவில்லை. அவள் நேரே நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பினாள்.

நாத்தனார் வீடு இரண்டு தெரு தள்ளி, மாடியில். இதற்கு முன்னால் போனபோதெல்லாம் யாரையாவது கூட்டிக்கொண்டு போய், சத்தமாக எதையாவது பேசிவிட்டு வந்துவிடுவாள். இப்போது தனியாகப் படியேறினாள். பாதியில் நின்றாள். கீழே இறங்கிவிடலாம், கதையைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். அந்த நினைப்புத்தான் அவளை மேலே தள்ளியது.

நாத்தனார் இடது கையால் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கிழங்கு நழுவி நழுவி ஓடியது.

"அண்ணன் வரலையா?"

மைக் அக்கா என்னமோ சொன்னாள்.

"என்னண்ணி? காதுல விழல."

அந்தத் தொண்டையிலிருந்து இப்படி ஒரு சன்னக் குரல் வந்து யாரும் கேட்டதில்லை. "அன்னிக்கு நீ கத்தினது எனக்குக் கேட்டுச்சு."

நாத்தனார் கத்தியைக் கீழே வைத்தாள்.

"போடுங்கறது கேட்டுச்சு. நடுவுல என்னமோ இருந்துச்சு, அதுவும் கேட்டுச்சு. என்ன சொன்னேன்னு திருப்பிக் கேட்டிருக்கலாம். வேலையை முடிச்சுட்டுக் கிளம்பற அவசரம், எனக்கு வேணுங்கறதைக் கேட்டுக்கிட்டேன். அப்புறம் ஆபீஸ்ல ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிட்டேன்."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். விழவில்லை. நாத்தனார் கேட்டது வேறு.

"நான் கத்தினேனா?"

"கத்தின."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

நாத்தனார் நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டாள். "கத்தினேன்னுதான் எனக்கு ஞாபகம். எல்லாரும் இல்லன்னீங்க. என் வீட்டுக்காரரே, வலியில உனக்குக் குழம்பிடுச்சுன்னாரு. சரி, குழம்பித்தான் போச்சுன்னு நானும் நம்பிட்டேன். என் புத்தியையே நான் நம்பறதில்ல இப்போ. அடுப்பை அணைச்சேனான்னு போய்ப் போய்ப் பாக்கறேன். கை போனதுகூட இவ்வளவு இல்ல அண்ணி."

"என்னை மன்னி..."

"அதைச் சொல்லாதீங்க. சொன்னா நான் இப்பவே ஏதாவது பதில் சொல்லணும்." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "ஆபீஸ்ல சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"என் முன்னாடி?"

"உன் முன்னாடி."

சொன்னாள். அடுத்த வாரம் மேனேஜர் அறையில் நாத்தனார் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இவள் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தடுப்புக் கம்பியையும் சேர்த்துத்தான். சூப்பர்வைசர் சுவரைப் பார்த்தார். கம்பி திரும்ப மெஷினில் ஏறியது. கவனக்குறைவு என்று எழுதியதை அடித்தார்கள். மைக் அக்காவை மெஷினிலிருந்து எடுத்து, அழுக்குத் துணி பிரிக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். வீட்டில் புருஷன் வெகு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. கதவு சாத்திக் கிடக்கிறது என்ற பயம் மட்டும் போனது. கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது, இன்னும் பதில் சொல்லவில்லை என்ற பயம் வந்து உட்கார்ந்தது. போன் அடித்தால் நாத்தனாராக இருக்குமோ என்று ஓடிப்போய் எடுத்தாள். போதகர் ஒருவழியாக அந்த இரண்டு வசனத்தைப் பிரசங்கம் பண்ணினார். ரொம்ப நீளம், பாதிப் பேருக்குப் புரியவில்லை. அவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டாள்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் நாத்தனார் போன் பண்ணினாள். "விரலுக்கு மறுபடி ஆபரேஷன். அவருக்கு லீவு இல்ல. நீங்க வர முடியுமா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் கூப்பிட்டதும் நாத்தனார் எழுந்து, பையை இவள் மடியில் வைத்தாள். "மேல் பட்டன் எனக்கு வராது. கொஞ்சம் கழட்டி விடுங்க" என்றாள். மைக் அக்கா பையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தாள். பட்டன் உடனே கழலவில்லை. நாத்தனார் அசையாமல் நின்றாள்.

அந்த ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு விரல் மடங்கியது. மூன்றாவது மடங்கவே இல்லை.