சேஃப்டி ஷூவில் பிடித்த தாளம்

இரண்டு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை. அபுதாபியில் ஒரு ஸ்கூல் ஹால். வெள்ளைக்காரர்கள் ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள். நான் புல்லாங்குழல் வாசிக்கிறேன். நடுவில் ஒரு பெரியவர் மூச்சு வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

காரணம் நான்தான்.

ஊருக்கு வெளியே முசஃபா தொழிற்பேட்டையில் எனக்கு கார் டிங்கரிங் வேலை. கராஜுக்கு கார் விட வந்த இங்கிலாந்துக்கார டீச்சர் ஒருவர், டீ நேரத்தில் நான் வாசிப்பதைக் கேட்டார். அவர்கள் ஊர் கிராமத்து ஆட்டத்துக்கு வாசித்தவர் நாடு திரும்பிவிட்டாராம். என்னை வாசிக்கச் சொல்லி, ஃபோனில் மெட்டு அனுப்பினார். கேட்டுக் கேட்டுப் பிடித்தேன். ரூமில் வாசிக்க வழியில்லை... நைட் டூட்டி ஆட்கள் தூங்குவார்கள். மனம்விட்டு வாசிக்க எனக்கு அந்த ஹால் ஒன்றுதான்.

ஊரில் நான் கரகாட்டத்துக்கு நாயனம் ஊதினவன். அங்கே சுற்றுக்குச் சுற்று வேகம் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் ஆடுகிற பெண்ணே திட்டும். அதே பழக்கத்தில் இங்கேயும் ஏற்றிவிட்டேன்.

டீச்சர் கோபப்படவில்லை. "அடுத்த வாரமும் இப்படி என்றால், ஃபோனிலேயே பாட்டு போட்டுக்கொள்கிறோம், வேலு" என்றார். கோபப்பட்டிருந்தாலே தேவலை.

"இது எந்த ஊர் மெட்டு, மேடம்?"

கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஓர் ஊரைச் சொன்னார். உட்கார்ந்திருந்த பெரியவர், அயர்லாந்து என்றார். இன்னொருவர், கப்பல்காரர்கள் கொண்டுவந்தது என்றார். சண்டை நன்றாகவே போனது. ஒன்றில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு — பஞ்சாலை ஆட்கள், அடிப்பாகம் மரத்தால் ஆன ஷூ போட்டு ஆடியது.

எனக்கு அது போதும். அவ்வளவு கனத்தோடு கால் எப்படிப் பறக்கும்?

மறுநாள் கராஜில், முன்பக்கம் இரும்பு வைத்த சேஃப்டி ஷூவோடு, மெட்டை முனகிக்கொண்டே சிமெண்ட் தரையில் குதித்தேன். பெயிண்டர் செல்வம் ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்தான்.

"என்னண்ணே, கால்ல சூடு பட்டுருச்சா?"

"டான்ஸு."

"இந்த வயசுலயா?"

"ஆடுறதுக்கு இல்லடா. வாசிக்கிறதுக்கு."

"நல்லாப் போச்சு. ஃபோர்மேன் பாத்தா ஒரேடியா லீவு குடுத்துருவாரு."

குதித்த கால் கீழே வந்து சேர நேரம் எடுக்கிறது. அந்த நேரம்தான் தாளம். அதை அவசரப்படுத்த முடியாது. வாரம் முழுக்கக் குதித்தேன். முட்டி வலி வந்தது. தாளமும் வந்தது.

போன ஞாயிறு, அதே ஹால், அதே மெட்டு. வேகம் ஏற்ற விரல் துடித்தது. காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். கடைசிச் சுற்று வரை யாரும் உட்காரவில்லை. பெரியவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றார். டீச்சர் ஃபோனைக் கைப்பைக்குள் போட்டார்.

மெட்டு பிறந்த ஊர் இன்னும் முடிவாகவில்லை. ஆடின கால் எது என்று தெரிந்தால் போதும் — வாசித்துவிடலாம்.