டெய்லரக்காவின் மாத்திரைக் கோல்

வருஷத்தில் ஒரு நாள் டெய்லரக்கா தையல் மெஷினை உறை போட்டு மூடிவிடுவாள். யானைக்கால் மாத்திரை வரும் நாள் அது; தெருவுக்குக் கொடுக்கிற பொறுப்பு அவளுடையது. வாங்க வசதியில்லாத ஊர்களுக்கென்று எங்கோ தூர தேசத்துக் கம்பெனி ஒன்று காசு வாங்காமல் செய்து கப்பலேற்றும் மாத்திரை. நர்ஸ் வேனிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கும்போது இவள் முகத்தைப் பார்க்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து கூடப் பிறந்தவன் வந்து இறங்கியது போலிருக்கும்.

மாத்திரை இந்தத் தெருவுக்கு வருவதற்கு முன்பே அவளுடைய இடது கால் வீங்கிப்போனது. மிதி மெஷினை விற்றுவிட்டு மோட்டார் மெஷின் வாங்கினாள். காலைப் பற்றி அதற்கு மேல் பேச மாட்டாள். "சாப்பிட்டாச்சா? முழுங்கு. நாக்கைக் காட்டு." இதுதான் அவள் பிரசங்கம். கையில் கொடுத்துவிட்டு வருகிற வழக்கமே கிடையாது, கண்ணெதிரே உள்ளே போக வேண்டும்.

ஆளுக்கு எத்தனை என்பதைக் கோல் சொல்லும். ஆளை நிமிர்த்தி நிறுத்தினால், தலை தொடுகிற கோட்டுக்குத் தக்கபடி மாத்திரை. நர்ஸ் கொடுத்திருந்த கோலைப் புருஷன் சாக்கடை அடைப்பைக் குத்தப் போய் ஒடித்துவிட்டார். அதனால் இந்த வருஷம் அவளே ஒரு மரச்சட்டத்தில் டேப் வைத்து அளந்து, நெயில் பாலிஷில் கோடு போட்டுக்கொண்டாள்.

காலையிலேயே பெரிய காரியம் ஒன்று நடந்துவிட்டது. பஞ்சர் கடைக்காரர் மாத்திரை முழுங்கினார். "சும்மா யாராவது கொடுப்பானாக்கா? உள்ளுக்குள்ள ஏதோ விஷயம் இருக்கு" என்று வருஷா வருஷம் திருப்பி அனுப்பியவர். அவர் முழுங்காவிட்டால் அவர் வீடு முழுங்காது, அவர் கடை பெஞ்சில் பேப்பர் படிக்கும் கூட்டமும் முழுங்காது. ஒருத்தர் ரத்தத்தில் புழு இருந்தால் போதும், கொசு அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரும். இன்று பெஞ்சே எழுந்து வரிசையில் நின்றது. டெய்லரக்கா தரையில் கால் பாவாமல் வீட்டுக்கு வந்தாள்.

பஸ் டிரைவரான புருஷன் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கோலடியில் வந்து நின்றார்.

"மூணு."

"போன வருஷம் நாலு கொடுத்தியே."

"நாலாவது கோட்டைத் தலை தொடலைங்க."

"என்னை வேலைக்கு எடுத்ததே உயரம் பார்த்துத்தான். உன்கூடக் குடும்பம் நடத்தித் தேஞ்சுட்டேனா?"

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். டேப்பை எடுத்துக் கோலின் அடியிலிருந்து வைத்துப் பார்த்தாள். எல்லாக் கோடும் ஓர் அங்குலம் மேலே ஏறி நின்றது. பாவாடைக்கும் பேண்ட்டுக்கும் கீழ் மடிப்புக்குத் துணி விட்டு விட்டுப் பழகிய கை, சட்டத்திலும் அடியில் ஓர் அங்குலம் விட்டுவிட்டுத்தான் அளவையே தொடங்கியிருக்கிறது.

"கோலுக்கு மடிப்பு விட்டியா? பாக்கெட் வைக்கலையா?" புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நல்ல கோலை ஒடிச்ச மகராசன் பேசாம ரம்பத்தை எடுங்க."

நர்ஸுக்குப் போன் போட்டாள். "ஆபத்து ஒண்ணும் இல்லக்கா. ஆனா குறைச்சலா போனா புழு அடங்காது. விட்ட ஒண்ணை இன்னைக்கே கொடுத்துடுங்க. சாயங்காலம் வேன் வந்து மிச்சத்தை அடுத்த ஊருக்கு எடுத்துட்டுப் போயிடும்."

அந்த ஓர் அங்குலத்தில் மாட்டிக்கொண்டவர்கள் யார் யார் என்று யோசித்தாள். தெருவில் பாதிப் பேருக்குத் தைத்தவள், முகங்கள் வரிசையாக வந்தன. முதல் முகம் பஞ்சர் கடைக்காரர். இப்போது போய்த் தப்பு என்று சொன்னால், 'பார்த்தியா, நான் சொல்லலே?' என்பார். அப்புறம் ஜென்மத்துக்கும் அந்த பெஞ்ச் வாயைத் திறக்காது.

"அவருக்கு மட்டும் விட்டுடேன். ஒரு மாத்திரைதானே, அவருக்கென்ன தெரியப்போகுது" என்றார் புருஷன், சட்டத்தை அறுத்தபடி.

"அவருக்குத் தெரியாது. கொசுகிட்ட யார் போய்ச் சொல்றது?"

பஞ்சர் கடையில் அவள் சொல்லி முடிக்கும் வரை அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே இருந்தார். பெஞ்ச் பேப்பரை மடித்துவிட்டது.

"அப்ப தப்பாத்தான் கொடுத்திருக்கீங்க."

"ஆமா தம்பி. குறைச்சுக் கொடுத்துட்டேன்."

"சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரிஞ்சிருக்காதுதான்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அடி அறுத்த கோலோடு ஒட்டி நின்றார். தலை நாலாவது கோட்டைத் தொட்டது.

"ஏமாத்துறவன் இந்த வெயில்ல ஓடி வந்து தன் தப்பைச் சொல்லிக்கிட்டு நிக்க மாட்டான். கொடுங்க."

முழுங்கினார். கேட்காமலே நாக்கை நீட்டினார்.

"இன்னும் எதுவரைக்கும் போகணும்?"

"கடைசி வீடு வரைக்கும்."

"இந்தக் காலை வச்சுக்கிட்டு நீங்க போய்ச் சேர்றதுக்குள்ள வேன் அடுத்த ஊர்ல நிக்கும். ஏறுங்க." சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளை இழுத்தார்.

"இது யாரோடது?"

"பஞ்சர் போட விட்டுட்டுப் போயிருக்காங்க. காத்து நிக்குதான்னு ஓட்டிப் பார்க்க வேணாமா?"

மடியில் மாத்திரைப் பையும் கையில் கோலுமாக அவள் பின்னால் உட்கார்ந்தாள். பெஞ்சிலிருந்து ஒருவர் தண்ணீர்க் குடத்தோடு பின்னாலேயே ஓடி வந்தார். பஞ்சர் கடைக்காரர் மணியை விடாமல் அடித்துக்கொண்டு தெருவே கேட்கக் கத்தினார்:

"காலையிலேர்ந்து ஒரு அங்குலம் வளர்ந்தவங்க எல்லாம் வெளியே வாங்க!"