ஜூன் மாதத்தில் வைத்த பிரிவு விழா

போன வாரம் புதுக்கோட்டையில் என் அண்ணன் பேரனுக்குப் பட்டமளிப்பு விழா. யுகேஜி முடித்து ஒன்றாம் வகுப்புக்குப் போகிறான். கறுப்பு அங்கி, குஞ்சம் வைத்த தொப்பி. தொப்பி சரிந்து மூக்கில் உட்கார்ந்துவிட, பயல் வழி தெரியாமல் மைக் ஸ்டாண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். "இந்த வயசுலயே பட்டமா?" என்று கேலி பேச வாயெடுத்தேன். அதற்குள் முன்வரிசைப் பெண் ஒருத்தியின் கதம்பத்திலிருந்து மரிக்கொழுந்து வாசம் வந்தது. அவ்வளவுதான், நான் கீரமங்கலம் பக்கம் போய்விட்டேன்.

அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, பூ விளையும் பூமி. காலை பஸ்ஸில் நமக்கு முன்னால் பூமூட்டை இடம் பிடித்திருக்கும். அங்கே ஒரு கிராமத்து நடுநிலைப்பள்ளியில்தான் எனக்கு முதல் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். ஒன்பதாவதுக்கு முந்திரித்தோப்பு வழியே நடந்து பக்கத்து ஊர் உயர்நிலைப்பள்ளிக்குப் போக வேண்டும். பையன்கள் சைக்கிளில் போய்விடுவார்கள். பெண்பிள்ளைகள் பூப்பறிக்கப் போய்விடுவார்கள்.

நான் சேர்ந்த வருஷம், எட்டாம் வகுப்புக்குப் பிரிவு விழா வைப்பதா வேண்டாமா என்று ஆசிரியர்களுக்குள் பெரிய வாக்குவாதம். நான் 'வேண்டும்' கட்சி. கொள்கை ஒன்றுமில்லை. குரூப் போட்டோ எடுப்பார்களே என்று கட்டம் போட்ட சட்டை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். கணக்கு வாத்தியார் ரத்தினம் வேண்டவே வேண்டாம் என்றார்.

"போன வருஷம் வச்சோம்ல? மாலை போட்டு, மிட்டாய் குடுத்து, போட்டோ புடிச்சு அனுப்புனோம். ஒரு பொம்பளப்புள்ள ஒம்பதாவது போகல. கேட்டா, 'அதான் விழா வச்சு முடிச்சுட்டீங்களே சார்'ங்கிறாங்க. படிப்பு முடிஞ்சுருச்சுன்னு நாமளே சொல்லி அனுப்புறோம்."

ஒரு சட்டையை வைத்துக்கொண்டு எவ்வளவுதான் வாதாடுவது?

தலைமையாசிரியை மங்கையர்க்கரசி டீச்சர் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு டீ டம்ளரைக் கீழே வைத்தார். குள்ளமான உருவம், அதிராத குரல். "விழா உண்டு. ஆனா ஏப்ரல்ல இல்ல, ஜூன்ல. இங்க இல்ல, அந்தப் பள்ளிக்கூடத்து வாசல்ல."

சொன்னதோடு நிற்கவில்லை. கோடை விடுமுறையில் வீடு வீடாகப் போய், கல்யாணத்துக்கு அழைப்பதுபோல வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். பெற்றவர்களே பிள்ளையின் கையைப் பிடித்துப் புதுப் பள்ளிக்குள் கூட்டிப்போக வேண்டும் என்பதுதான் விழா. துணைக்குப் போன எனக்கு எல்லா வீட்டிலும் மோர் கிடைத்தது. சின்னையா வீட்டில் மட்டும் அவர் முகத்தை இறுக்கிக்கொண்டார். "எம்மக செல்வராணிய நிப்பாட்டியாச்சு டீச்சரம்மா. பூப்பறிக்க ஆளில்ல."

"நிப்பாட்டுறது உங்க இஷ்டம்ண்ணே. விழாவுக்கு வந்துருங்க" என்று தட்டை நீட்டினார் டீச்சர். நீட்டிய வெற்றிலையை மறுக்க முடியுமா? எடுத்துக்கொண்டார்.

பள்ளி திறக்கும் நாளில் தவில் முன்னே போக, பிள்ளைகள் கதம்ப மாலையோடு தோப்பு வழியே நடந்தார்கள். பின்னால் பெற்றவர்கள். அதற்கும் பின்னால் புதுச்செருப்பு கடித்து நொண்டிக்கொண்டு நான். வழியில் ஆடு மேய்த்தவர்கள், "இங்கிட்டு என்னங்க, பொண்ணழைப்பா?" என்று கேட்டார்கள். "பள்ளிக்கூடத்துக்கு அழைப்பு" என்றார் ரத்தினம் சார், கொஞ்சம் பெருமையாகவே.

சின்னையா வரவில்லை. தீபாவளிப் பாவாடையில் செல்வராணியும் அவள் அம்மா பாப்பாத்தியும் வந்திருந்தார்கள். உயர்நிலைப்பள்ளி வாசலில் டீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, தாயோ தகப்பனோ பிள்ளையைக் கைப்பிடித்து உள்ளே போனார்கள். செல்வராணி பெயர் வந்ததும் பாப்பாத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். தவில்காரர்கூட நிறுத்திவிட்டார். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. அதே குரலில் இன்னொரு தரம் கூப்பிட்டார். பாப்பாத்தி மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

அன்று மதியமே சின்னையா எங்கள் பள்ளிக்கு வந்தார். சைக்கிளைச் சுவரில் சாய்த்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

"என்ன வேலைங்க இது? தவிலடிச்சு ஊரையே கூட்டி எம்புள்ளைய உள்ள விட்டிருக்கீங்க. இனிமே நான் நிப்பாட்டுனா ஊர்ல எம்மரியாத என்னாகுறது?"

"அதுக்குத்தாண்ணே விழாவே" என்றார் டீச்சர்.

ரத்தினம் சார் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினார். சின்னையா சைக்கிள்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். பிறகு குரல் இறங்கியது. "போகவர தொணைக்கு ஆளிருக்கா?"

"எல்லாப் பொம்பளப்புள்ளைங்களும் ஒண்ணாத்தான் போறாங்க. முதல் வாரம் நானும் கூடப் போறேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வெள்ளன எந்திரிச்சுக் கொஞ்சம் பூப்பறிச்சுக் குடுத்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். செல்வராணி பறித்தும் கொடுத்தாள், படித்தும் முடித்தாள். இப்போது அறந்தாங்கிப் பக்கம் நர்ஸ்.

டீச்சர் ஓய்வுபெறும்வரை ஒவ்வொரு ஜூனிலும் அந்த ஊர்வலம் போயிற்று. அடுத்த வருஷத்திலிருந்து பூக்கடைக்குப் போய் மாலை வாங்கி வந்தவர் ரத்தினம் சார்தான். குரூப் போட்டோ மட்டும் கடைசிவரை யாரும் எடுக்கவில்லை. எட்டாம் வகுப்புக்கெல்லாம் விழாவா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பொதுவான பதில் கிடையாது. யார் வைக்கிறார்கள், எதற்கு வைக்கிறார்கள் என்று மட்டும் திருப்பிக் கேட்பேன்.

சமீபத்தில் ஒரு காதுகுத்துக்காக அந்த ஊருக்குப் போனேன். தோப்பு வழி தார்ச்சாலையாகி, மினிபஸ் ஓடுகிறது. எங்கள் பள்ளியே உயர்நிலைப்பள்ளி ஆகிவிட்டது. தவில் இல்லை, மாலை இல்லை, அந்த நடை இல்லை. பள்ளி விட்டு வந்த ஒரு பெண்ணை நிறுத்தி எத்தனாவது என்று கேட்டேன். ஒன்பதாவது என்றாள்.

"எட்டாவது முடிச்சப்ப விழா ஏதும் வச்சாங்களாம்மா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எட்டாவதுக்கு எதுக்குங்க விழா? லீவு முடிஞ்சா ஒம்பதாவதுதானே?"