தவணையில் சேராத சீர்

இராஜபாளையத்தில், அப்பா வேலை பார்க்கும் நூற்பாலைக்கு அருகே ஒரு வீடு விலைக்கு வந்தது. கடன் வாங்கினால் மாதத் தவணை பதினான்காயிரம். நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்கு இருந்தோம். எங்களால் கட்ட முடியுமா என்று கணக்குப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அத்தையின் கணவர். அந்த வீட்டைப் பற்றிச் சொன்னவரும் அவரே.

கைப்பேசியில் தட்டியபடி உரக்கக் கூட்டினார். அப்பாவின் சம்பளம், ஓவர்டைம் உட்பட. அம்மா நைட்டி தைத்து ஈட்டுவது. அதுவும் மின்சாரம் ஒருநாளும் நிற்காது, அம்மாவுக்கு ஒருநாளும் காய்ச்சல் வராது என்ற நம்பிக்கையில். அரிசி, பால், கேஸ், மாத்திரை எல்லாம் கழிந்தபின் தவணைக்கு நாலாயிரம் குறைந்தது.

"இவ படிப்ப நிறுத்திட்டா சரியாப் போகும் மாப்ள," என்றார் அப்பாவிடம். "எம்.ஏ. படிச்சு என்ன செய்யப் போறா? கட்டிக் குடுத்துட்டா சாப்பாட்டுச் செலவும் கொறையும்."

சிரித்தார். அவருக்கான காபியுடன் நான் எதிரில் நின்றிருந்தேன். என் கட்டணம், பேருந்து, சோறு மூன்றையும் சேர்த்தால்தான் அந்த நாலாயிரம் நிரம்பும். என்னை முழுவதுமாகக் கழித்தால்தான் அந்த வீடு.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா மகள் பெரியவளானதிலிருந்து, அவளுடைய சடங்குக்குத் தாய்மாமன் சீராகக் கம்மல் எடுக்க அப்பா மாதம் மூவாயிரம் நகைச்சீட்டுக் கட்டி வந்தார். அது மாமாவுக்குத் தெரியாததன்று.

"நகைச்சீட்ட எங்க கழிச்சிய மாமா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, அது செலவா? அது முறை."

"முறைன்னு சொன்னா கடைக்காரன் சும்மா குடுப்பானா?"

அம்மாவின் தையல் இயந்திரம் நின்றது. "கழிங்கண்ணே," என்றார் அம்மா. "கழிச்சிட்டுச் சொல்லுங்க."

மாமா கழிக்கவில்லை, கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்பாதான் மெதுவாகச் சொன்னார்: "ஏழாயிரம் கொறையுது அத்தான். இவள நிறுத்துனாலும் பத்தாது. நம்மால மாசம் ஏழாயிரந்தான் கட்ட முடியும். அதுக்கு எந்த வீடு வருதோ, பொறவு பாப்போம்."

வீடு கைவிட்டுப் போனது. சீர் போகவில்லை. தை மாதம் அந்தக் கம்மலைத் தாம்பாளத்தில் ஏந்திச் சென்றவள் நான். "வாங்க கணக்குப்பிள்ள," என்றார் மாமா, பந்தலில் எல்லோருக்கும் கேட்கும்படி.

நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் என் கோபம் மாமா மீது மட்டுமன்று. இவளை நிறுத்த முடியாது என்று அப்பா சொல்லவில்லை. நிறுத்தினாலும் பத்தாது என்றுதான் சொன்னார்.