பானைக்கு வழிவிட்ட பலா

பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுத் திரும்பும்போது, தள்ளுவண்டியில் வருக்கைச் சக்கைச்சுளை, நம் பலாச்சுளைதான். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அடைத்திருந்தார்கள். வாசனை என்னவோ அடைபடவில்லை. எனக்குச் சர்க்கரை. முகர்ந்து பார்க்க டாக்டர் தடை சொல்லவில்லை என்பதால் கொஞ்சநேரம் அங்கேயே நின்றேன்.

சக்கை என்றால் எனக்கு வித்துரா ஊர் ராஜம்மக்காதான். அப்போது குடிதண்ணீர்க் குழாய் போடும் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளனாக இருந்தேன். ஆட்கள் தோண்டுவார்கள், நான் அக்கா வீட்டுப் பலாவின் நிழலில் நின்று மேற்பார்ப்பேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து அக்கா கல்யாணமாகி வந்தபோது முந்தானையில் முடிந்து கொண்டுவந்த கொட்டையில் முளைத்த மரம் அது. "அம்மை வீட்டுலேருந்து எனக்கு வந்த ஒரே சீதனம், பாத்துக்கிடுங்க" என்பார்.

குழாய்ப் பாதை பக்கத்து ரப்பர் தோட்டம் வழியாகப் போவதாக இருந்தது. எங்களுக்கு முன்னால் தொல்லியல்காரர்கள் மண்ணைக் கிளறிப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவர்களுக்குச் சுளை உரித்துக் கொடுப்பது அக்கா. கூடவே தினம் ஒரு பானை ஓடும் கொண்டுவருவார்.

"இது பழசாக்கும், பாருங்கோ மோளே."

அந்தக் குழுவின் தலைவி வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். "சேச்சி, இது நிங்கள் கஞ்சி வச்ச சட்டியல்லே?"

ஒருநாள் அக்காவுக்கு ரோசம் வந்துவிட்டது. "அப்பம் அந்த ரப்பர் மூலையில போயித் தோண்டுங்கோ. மழையில நடந்தா கீழ டொம்முன்னு கேக்கும்."

தோண்டினார்கள். ஒரு பலகைக்கல், அதன் கீழே, பழங்காலத்தில் இறந்தவரை வைத்துப் புதைத்த தாழி.

தாழி அங்கேயே இருக்க வேண்டுமானால் குழாய்ப் பாதையை அக்கா வீட்டுப் பக்கம் வளைக்க வேண்டும். வளைத்தால் பலா போகும். அக்கா சம்மதிக்காவிட்டால் தாழியைப் பெயர்த்து நகரத்துக்குக் கொண்டுபோவார்கள். நான் காதோடு, "சம்மதிக்காதீங்க அக்கா" என்றேன். நிழல் எனக்கும் வேண்டுமே.

அக்கா குழிக்குள் எட்டிப் பார்த்தார். "இத்துனூண்டுக்குள்ளயா ஒராளு?"

"எலும்பு மாத்ரம், சேச்சி" என்றார் தலைவி.

அக்கா வீட்டுப் பக்கம் நடந்துபோய் மரத்தில் கைவைத்து நின்றார். "ஒறங்குதவங்க ஒறங்கட்டும். இந்த நாக்கை வச்சிக்கிட்டு நான்தானே எழுப்பிவிட்டேன். மரத்தை எடுத்துக்கிடுங்கோ."

மரம் விழுந்த அன்று காயெல்லாம் எங்களுக்கே கொடுத்தார். தாழியை மறுபடி மண் போட்டு மூடினார்கள்.

போன மாதம் பொன்முடிக்குப் போகிற வழியில் வித்துராவில் இறங்கிப் பார்த்தேன். அக்கா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். வீடு இல்லை, ரப்பரும் இல்லை. பெரிய ஓட்டல் ஒன்று. தாழி கிடக்கிற மூலையில் கார் நிறுத்துகிறார்கள். ஒரு பையன் கார்க் கதவை ஓங்கி அடைத்தான்.

"மெதுவா, தம்பி" என்றேன்.

"எந்தா மாமா?"

"ஒண்ணுமில்லை. ஆள் உறங்குது."

அவன் பக்கத்துக் காருக்குள் எட்டிப் பார்த்தான்.