சின்னம்மா வாங்கிய பாட்டுப்பெட்டி

எங்கள் குடும்பத்தில் சொந்தச் சம்பளத்தில் பெரிய சாமான் ஒன்றை வாங்கப் புறப்பட்ட முதற்பெண் என் சின்னம்மா. அம்மாவின் தங்கை, உடுவிலில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பித்தவர், கலியாணம் ஆகாதவர். அதனால் ஊரில் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னார்கள். இரண்டு வருடம் புதுச் சீலை எடுக்காமல் சேர்த்த காசோடு, ஒரு சனிக்கிழமை, எட்டு வயதான என்னையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணப் பட்டணத்துக்குக் கிராமபோன் வாங்கப் போனார்.

கடை முதலாளி ஓர் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். பாட்டு முடியுமுன்பே சின்னம்மா கையை உயர்த்தினார்.

“சாவி முழுக்கக் குடுத்தும் போகப்போகச் சுருதி இறங்குது. உள்ளுக்குச் சுருள்வில்லிலை பிழை. வேறை பெட்டி காட்டுங்கோ.”

முதலாளி சிரித்தார். “தங்கச்சி, உது சீமைச் சாமான். பொம்பிளையளுக்கு உந்த நுட்பமெல்லாம் விளங்காது. வீட்டிலை ஆம்பிளையள் ஆரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, கதைப்பம்.” பிறகு, சின்னம்மாவுக்கு அதுதான் பிடிக்கும் என்பதுபோல், பெட்டியின் பூவேலைப்பாட்டைத் தடவிக் காட்டினார்.

அடுத்த சனிக்கிழமை மாமா வந்தார். சின்னம்மாவின் தம்பி, வயது பத்தொன்பது. தேவாரத்துக்கும் தாலாட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மீசை இருந்தது, அந்தத் தகுதி போதும். போகிற வழியெல்லாம் மாட்டுவண்டியில் சின்னம்மா அவருக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தார். நான் சின்னம்மாவின் மடியில் தலை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடையில் மாமா ஒப்புவித்தார். சுருள்வில்லை மட்டும் மறந்துவிட்டு, “உள்ளுக்கு ஏதோ பிழை” என்றார்.

முதலாளி பதறிப்போனார். “தம்பி சொன்னால் சரியாத்தான் இருக்கும். எப்பிடிக் கண்டுபிடிச்சனீர்?”

மாமாவுக்கு நாற்காலி வந்தது, சோடா வந்தது, வேறு பெட்டியும் வந்தது. நின்றுகொண்டிருந்த சின்னம்மா காசை நீட்டினார். முதலாளி கை நீட்டவில்லை. சின்னம்மா அதை மாமாவிடம் கொடுக்க, மாமாவிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் முற்றத்திலிருந்தே கத்தினேன். “மாமாதான் பிழையைக் கண்டுபிடிச்சவர்! மாமாவுக்கு எல்லாம் தெரியும்!”

வீடே மாமாவை மெச்சியது. மாமாவும் மறுக்கவில்லை. சின்னம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஓம் பிள்ளை, மாமாவுக்கு நல்ல காது,” என்றார்.

பெட்டி மாமாவின் அறைக்குப் போனது. சின்னம்மா அதற்கு ஒருநாளும் சாவி கொடுக்கவில்லை. கடைக்காரன் மேலுள்ள கோபம் இன்னும் தீரவில்லையாக்கும் என்று நினைத்தேன். அவனை அவர் எப்போதோ மறந்திருப்பார். தன் மடியில் கிடந்து எல்லாவற்றையும் கேட்ட பெண்பிள்ளையும் அவனைப் போலவே சொன்னதுதான் அவருக்குத் தாங்கவில்லை என்பது எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை.